துபாஷியும் வினாத்தாளும்: சென்னை மாகாணத்தில் ஆங்கிலம் கற்பித்த வரலாறு

தமிழ்நாட்டில் ஆங்கிலக் கல்வியின் தொடக்கத்தை 1835ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெக்காலே எழுதிய குறிப்பிலிருந்து கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் அந்த ஒரே ஆவணத்தைச் சுற்றிவருவதால், அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டன என்பதும், அவை எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதும் பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை. ஆள வந்தவரும் ஆளப்பட்டவரும் இடையில் ஒரு தரகர் இல்லாமல் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே அப்பள்ளிகளின் நோக்கம். தேர்வும் மதிப்பெண்ணும் சான்றிதழும் அதன் பிறகு வந்து சேர்ந்தவை. பன்னிரண்டு ஆண்டுகள் படித்தும் நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேச வரவில்லையே என்று இன்று வீடுதோறும் கேட்கும் குறை, கற்பிக்கும் முறையின் தோல்வியாகவே பேசப்படுகிறது. ஆனால் இருநூறு ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், பள்ளிகள் தம்மிடம் கேட்கப்பட்டதை ஏறத்தாழ ஒழுங்காகவே செய்துவந்திருக்கின்றன என்பதும், என்ன கேட்கப்பட்டதோ அதுதான் வழியில் மாறிப்போனது என்பதும் புலப்படும்.

அந்தத் தரகரின் பெயர் துபாஷி. இரண்டு மொழி அறிந்தவர் என்பது சொல்லின் பொருளே ஆயினும், 18ஆம் நூற்றாண்டின் சோழமண்டலக் கரையில் துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளராக இருக்கவில்லை. ஐரோப்பிய வணிகருக்குக் கடன் ஏற்பாடு செய்பவராகவும், நெசவாளரிடமிருந்து சரக்கு வாங்கித் தருபவராகவும், அரண்மனைகளுக்கும் கோட்டைக்கும் இடையே தூது செல்பவராகவும், வீட்டு வேலைக்காரரை அமர்த்துபவராகவும் அவர் இருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்தப் பதவியின் செல்வாக்கையும் நுட்பத்தையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது. அதே பதவியின் இருண்ட பக்கத்தைக் காண விரும்புவோர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சதிவழக்கில் தண்டனை பெற்ற சென்னைத் துபாஷி அவதானம் பாப்பையாவின் கதையைப் படிக்கலாம். மொழியைக் கையில் வைத்திருந்தவரிடமே பேரமும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி என்ன சொன்னார் என்பதை அரசர் அறியவும், அரசர் என்ன மறுமொழி தந்தார் என்பதை அதிகாரி அறியவும் துபாஷியின் நாவையே நம்ப வேண்டியிருந்தது.

இந்தச் சார்பிலிருந்து விடுபட ஒரு வழி காண முயன்றவர், தஞ்சாவூரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன். உள்ளூர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்துவிட்டால் அவர்களோடு கம்பெனி நேரடியாகப் பேசலாம் என்பது அவருடைய கணக்கு; அதை நிறைவேற்றித் தரும் பொறுப்பை 1780களின் நடுவில் ஏற்றவர் தஞ்சாவூரில் வாழ்ந்த லுத்தரன் சமயப் பணியாளர் கிறிஸ்டியன் பிரடரிக் ஸ்வார்ட்ஸ். ஸ்வார்ட்ஸ் தமிழும் பல இந்திய மொழிகளும் அறிந்த செருமானியர் என்பதும், மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசக்கூடியவர் என்பதாலேயே 1779இல் ஐதர் அலியிடம் தூதராக அனுப்பப்பட்டவர் என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை. உள்ளூர் அரசர்களின் ஆதரவோடு மூன்று ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. 1787இல் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் வழங்க இசைந்தனர். பிராமணர், வணிகர் ஆகியோரின் பிள்ளைகளே அங்கு மிகுதியாகப் படித்தனர். ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் வளர்ந்து பிற்காலத்தில் தஞ்சை அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி, ஆங்கிலேயரோடு ஆங்கிலத்திலேயே உரையாடவும் கடிதம் எழுதவும் வல்லவரானார்; சரஸ்வதி மகால் நூலகத்தில் அவர் சேர்த்த ஐரோப்பிய நூல்கள் இன்றும் அந்தப் பயிற்சிக்குச் சான்றாக உள்ளன. இந்தப் பள்ளிகள் பெருகி நாடெங்கும் பரவவில்லை என்பது உண்மை. எனினும் தமிழகத்தில் அரசுப் பணம் பெற்ற தொடக்கக்கால ஆங்கிலக் கற்பித்தல், உரையாடலை இலக்காகக் கொண்டே தொடங்கியது என்பதை அவை உறுதிப்படுத்துகின்றன. கம்பெனி எதிர்த்திசையிலும் முயன்று பார்த்தது: கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் 1812இல் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இளம் ஆங்கில அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் பயின்றனர், தேர்ச்சிக்கு ஏற்ப அவர்களுக்குப் பணப் பயனும் கிடைத்தது. மொழித் தேர்வில் வென்றால் வருமானம் கூடும் என்னும் ஏற்பாட்டைச் சென்னையில் முதலில் அனுபவித்தவர்கள் தமிழர்கள் அல்லர், ஆங்கிலேயர்கள்.

பள்ளிக்கே போகாமல் ஆங்கிலம் கற்ற இன்னொரு பெருங்கூட்டமும் அக்காலத்தில் இருந்தது. சமையற்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர், கடைவீதி வணிகர் ஆகியோர் பேசிய ஆங்கிலம் 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் பெற்றது. 1886இல் வெளியான ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமான 'ஹாப்சன்-ஜாப்சன்' அதைச் சென்னை மாகாணத்துக்கே உரிய பேச்சாகத் தனிப் பதிவாகக் குறிக்கிறது. நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் வினை வடிவத்தை எதிர்காலத்துக்குப் பயன்படுத்துவதும், முடிந்துபோன செயலை 'டன்' என்னும் ஒரே துணைச்சொல்லைக் கொண்டு உணர்த்துவதும், மனைவி என்பதற்குக் 'குடும்பம்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சொல்வதும் அதன் இயல்புகள். ஆங்கிலேயர் இதை நகைச்சுவைக்குரியதாகவே கண்டு வேடிக்கை நூல்களில் எழுதினர்; கற்றறிந்த இந்தியர்களும் அந்த ஏளனத்தில் பங்குகொண்டனர், அல்லது அவர்களைவிட மிகுதியாகவே ஏளனம் செய்தனர். மொழியியல் நோக்கில் பார்த்தால் அந்த ஏளனத்துக்கு அவ்வளவு நியாயமில்லை. இலக்கணம் ஒரு வரியும் படிக்காதவர்கள், காலத்தையும் செயல் நிறைவையும் வேறுபடுத்திக் காட்டத் தமக்கென ஓர் ஒழுங்கை உருவாக்கிக்கொண்டு, சந்தைக் கணக்கிலிருந்து விருந்துப் பட்டியல் வரை அதில் நடத்தினர். கேட்டவருக்கும் விளங்கியது, வேலையும் நடந்தது. அதே வேளையில், வேலைக்குத் தேவையான அளவு வந்ததும் அந்த மொழி அங்கேயே நின்றுவிட்டது, மேலே வளரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேவை மட்டுமே ஆசிரியராக இருந்தால் மொழி எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நாட்டுப் பள்ளிகள் அப்போது எப்படி இருந்தன என்பதை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பு காட்டுகிறது. மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக அது பதிவு செய்தது. திண்ணைப் பள்ளி எனப் பிற்காலத்தில் அறியப்பட்ட இவற்றில் எண்சுவடியும் நீதிநூல்களும் நிகண்டும் மனப்பாடமாகவே பயிலப்பட்டன. இந்தியப் பிள்ளைகள் ஆங்கிலத்தை உருப்போட்டு ஒப்பிப்பதற்கு இந்த மரபே காரணம் என்று 19ஆம் நூற்றாண்டு அதிகாரிகள் திரும்பத் திரும்ப எழுதினர், அந்த விளக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் திண்ணையில் மனத்தில் பதிந்தது அன்றாடத்தில் கைகொடுத்தது: வாய்பாடு தெரிந்தவன் மரக்கால் அளவையும் நில அளவையும் நொடியில் கணக்கிட்டான், ஓலையில் கடிதமும் பத்திரமும் எழுதினான். நினைவில் வைத்தது தேர்வு அறையில் ஒரே ஒருமுறை பயன்பட்டு, மறுநாள் மறந்துபோகலாம் என்னும் நிலைமை திண்ணை மரபுக்கு உரியதன்று. அது வேறோர் ஏற்பாட்டின் விளைவு.

அந்த ஏற்பாடு 1835க்கும் 1857க்கும் இடையே உருவானது. இந்தியாவுக்கு வந்த மெக்காலே 1834இல் முதலில் இறங்கியது சென்னையில்தான். தலைமை ஆளுநர் பெண்டிங்க் உதகமண்டலத்தில் இருந்ததால் மெக்காலே மலையேறி அங்கே சில வாரங்கள் தங்கினார் என்பதைத் தவிர, அவரது புகழ்பெற்ற குறிப்புக்கும் தமிழகத்துக்கும் நேரடித் தொடர்பு அதிகம் இல்லை. சென்னையின் நிலையை மாற்றியவை வேறு இரண்டு. உயர் ஆங்கிலக் கல்வி வேண்டி 1839இல் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட மனு, அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று நடத்த, ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் அளிக்கப்பட்டது. 1841இல் உயர்நிலைப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டு, அதுவே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. மற்றொன்று, 1844இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் பிறப்பித்த தீர்மானம்: அரசு வேலைகளுக்கு ஆங்கிலம் கற்றவர்களுக்கே முன்னுரிமை தரப்படும் என்று அது அறிவித்தது. கற்றவர் யார் என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். ஆயிரக்கணக்கான விண்ணப்பதாரர்களை ஒரே அளவுகோலால் அளக்க, எழுத்துத் தேர்வைவிட மலிவானதும் நடுநிலையானதாகத் தோன்றுவதும் வேறில்லை. 1854இன் உட் கல்வி அறிக்கையும், 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில், தானே பாடம் நடத்தாமல் தேர்வு மட்டும் நடத்தும் அமைப்பாகத் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும் அதை நிலைநிறுத்தின. பாடம் நடத்துவோர் ஒருபுறமும் தேர்வு நடத்துவோர் மறுபுறமும் பிரிந்தது இந்த அமைப்பில்தான் என்பதால், பின்னாளைய கோளாறுகளின் வேரை இங்கே தேடுவதே பொருத்தம்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்தது ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, தமிழோடு ஆங்கிலத்தையும் அறிவியலையும் உயர்ந்த தரத்தில் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அங்கே படித்தவர்களே. ஆனால் 1855இல் மிஷன் தலைமை அதை மூடிவிட்டது. சமயப் பணிக்கு ஆள் உருவாக்கவே நிறுவிய இடத்தில், மாணவர்கள் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. மாணவர்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆங்கிலம் எதற்காகக் கேட்கப்பட்டதோ அதற்காகவே அவர்கள் அதைக் கற்றார்கள்.

மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, பல்கலைக்கழகத்துக்குள் நுழைய விரும்பியவர்களைக் காட்டிலும் குமாஸ்தா வேலைக்குள் நுழைய விரும்பியவர்களுக்கே மிகுதியாகப் பயன்பட்டது. ஆங்கில வினாத்தாளில் குறிப்பிட்ட செய்யுள், உரைநடைப் பகுதிகளுக்குப் பொருள் எழுதுதல், வாக்கியத்தைப் பிரித்து ஒவ்வொரு சொல்லின் இலக்கண வகையையும் கூறுதல், தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தல் ஆகியவை இடம்பெற்றன. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதையோ வாயால் மறுமொழி சொல்வதையோ ஒரு விரிந்த மாகாணத்தின் எல்லாத் தேர்வு மையங்களிலும் சோதிக்கும் வசதி அக்காலத்தில் இல்லை, அதற்கான விருப்பமும் காணப்படவில்லை. வினா எந்தப் பகுதியிலிருந்து வரும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், விடைகளைத் தொகுத்து அச்சிடும் 'நோட்ஸ்' தொழில் தழைத்தது. மூல நூலைத் திறக்காமலே நோட்ஸை உருப்போட்டுத் தேறலாம் என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் அச்சகத்தாரும் ஒருசேர அறிந்திருந்தனர். தேறாதவர்களும் அந்தப் படிப்பைத் தம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள்: 'பி.ஏ. தவறியவர்' என்பதே ஒரு தகுதியாக விண்ணப்பங்களில் எழுதப்பட்டது.

இத்தகைய அளவுகோல் எதை அளந்தது என்பதற்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச இராமானுஜன் ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலப் பாடத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்த அவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் கணித வரலாற்றிலேயே மிக வெற்றிகரமான கடிதங்களுள் ஒன்றாயிற்று. நண்பர்களின் உதவி அதற்கு இருந்திருக்கலாம், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிச் சேர்ப்பதே மொழியின் வேலை என்றால் அந்த வேலை அங்கே குறைவின்றி நடந்தது. ஆங்கிலத்தில் நாவல் எழுதி உலகறிந்த ஆர்.கே. நாராயண், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பாடத்தில்தான் தவறினார் என்பதும் இதோடு சேர்த்து எண்ணத் தக்கது. ஆங்கிலத்தை உரையாடலுக்கும் வாதத்துக்கும் பயன்படுத்தக் கற்ற 19ஆம் நூற்றாண்டுச் சென்னையர்கள் அதை வகுப்பறைக்கு வெளியே கற்றார்கள். கஜுலு லட்சுமிநரசு செட்டி நடத்திய 'கிரசன்ட்' இதழும், 1852இல் அவர் முன்னின்று அமைத்த சென்னைச் சுதேசிகள் சங்கத்தின் மனுக்களும், நீதிமன்ற வாதங்களும், சொற்போர் மன்றங்களும் அவர்களுடைய உண்மையான பயிற்சிக் களங்கள். இந்தியரான முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயரின் இதழ்கள் இகழ்ந்தபோது, திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் மறுமொழி சொல்ல வேண்டியே 1878இல் 'தி இந்து' இதழைத் தொடங்கினர். அவர்களில் முதன்மையானவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் ஒரு பள்ளி ஆசிரியர். வகுப்பில் அவரும் வினாத்தாளுக்கான ஆங்கிலத்தையே கற்பித்திருக்க வேண்டும். மாலையில் எழுதியது வேறு ஆங்கிலம்.

நோயை அறியாமல் அரசு இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தலைமை ஆளுநர் கர்சன் அமைத்த 1902ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக ஆணையம், கற்பித்தலுக்குத் தேர்வு அடங்கி நடக்காமல் தேர்வுக்குக் கற்பித்தல் அடங்கி நடப்பதே இந்தியக் கல்வியின் மிகப் பெரிய கேடு என்று வெளிப்படையாகவே எழுதியது. மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாகச் சென்னை மாகாணத்தில் 1911 முதல் வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் அந்தக் கேட்டைக் குறைக்கவே வகுக்கப்பட்டது: பொதுத் தேர்வு மதிப்பெண்ணோடு, பள்ளியில் மாணவன் தொடர்ந்து பெற்றுவந்த மதிப்பெண்களும் ஒரே சான்றிதழ்ப் புத்தகத்தில் பதிவாகும் என்பது அதன் புதுமை. ஆனால் வேலை தருவோர் கடைசிப் பக்கத்தையே பார்த்தார்கள், முந்தைய பக்கங்கள் வெறும் சடங்காயின. சில தலைமுறைகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்பதே தேர்வுக்கான மறுபெயராக நின்றுவிட்டது. வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், பெரும்பாலான பிள்ளைகள் இடையிலேயே படிப்பை நிறுத்திவிடுவதால் அவர்களுக்கு உடனே பயன்தரக்கூடியது வாசிக்கும் திறனே என்று 1926இல் வாதிட்டு, சொற்களை எண்ணி எளிமைப்படுத்திய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். இதே காலத்தில் இந்தியப் பள்ளிகளில் அசைக்க முடியாத இடம் பிடித்ததோ நெஸ்பீல்டின் இலக்கணமும், அதை அடுத்து 1930களில் வந்த ரென் - மார்ட்டின் இலக்கணமும்தாம். அந்த ரென், பாலைவனப் போர்வீரர்களைப் பற்றிய 'போ ஜெஸ்ட்' என்னும் சாகச நாவலை எழுதியவர் என்பதைப் பயிற்சிக் கணக்குகளுக்கிடையே தத்தளித்த மாணவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

1930களின் பிற்பகுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பிற பாடங்கள் தமிழ்வழிக்கு மாறியது தேவையான, நியாயமான மாற்றம். புவியியலையும் வரலாற்றையும் பிள்ளைகள் முதன்முறையாகப் புரிந்துகொண்டு படித்தார்கள். ஆங்கிலக் கற்பித்தலுக்கு அது ஒரு பக்க விளைவைக் கொண்டுவந்தது. அதுவரை ஆங்கிலம் மற்றப் பாடங்களைச் சுமந்துவரும் மொழியாகவும் இருந்ததால், இலக்கண வகுப்புக்கு வெளியே நாள்முழுதும் அது ஏதோ ஒரு பொருளைப் பற்றிப் பேசப்பட்டது. இனி அது ஒரு பாடவேளைக்குள் அடங்கி, தன்னைப் பற்றியே பேசிக்கொள்ளும் பாடமாயிற்று. விடுதலைக்குப் பின் இந்த இழப்பை ஈடுசெய்ய வந்ததே கட்டமைப்பு முறை. ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு சூழலில் காட்டி, வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்குவது அதன் செயல்முறை. 1952இல் சென்னை மாநிலம் இந்த வரிசைப்படி பாடத்திட்டம் வகுத்தது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே தாம் கதவை நோக்கி நடப்பதாக ஆங்கிலத்தில் அறிவிப்பதும், புத்தகத்தை உயர்த்திக் காட்டி இது புத்தகம் என்பதும், வகுப்பு முழுதும் அதை ஒரே குரலில் எதிரொலிப்பதும் பல தலைமுறை மாணவர்களின் நினைவில் பதிந்த காட்சிகள். இதை எல்லாத் தொடக்க ஆசிரியர்களிடமும் கொண்டுசேர்க்க, பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தரும் தொடர் இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. உருண்டு பெருகும் பனிப்பந்தை ஒத்ததாகக் கருதி 'சென்னைப் பனிப்பந்து' என்று கல்வியாளர்கள் அதற்குப் பெயரிட்டனர். 27,000 ஆசிரியர்களை எட்டுவது அதன் இலக்கு. வகுப்பறையில் ஆங்கிலம் வாய்திறந்து ஒலிக்க அது வழிவகுத்தது உண்மை. ஆனால் ஒலித்த வாக்கியம் யாருக்கும் எதையும் தெரிவிக்கவில்லை. கையிலிருப்பது புத்தகம் என்பது வகுப்பிலிருந்த எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்.

இந்த வெறுமையைத் தெளிவாகக் கண்டு, அதிலிருந்து ஒரு கோட்பாட்டையும் நீண்ட பரிசோதனையையும் உருவாக்கியவர், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்த என்.எஸ். பிரபு. கட்டமைப்பு முறையில் பயின்ற மாணவர்கள் வகுப்பில் சரியாகச் சொன்ன வாக்கியத்தை வெளியே பயன்படுத்த முடியாமல் திணறுவதைக் கண்ட ஆசிரியப் பயிற்சியாளர்கள், பெங்களூரிலிருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் கருத்தரங்குகளில் அதைப் பற்றி விவாதித்தனர். அதன் விளைவாக 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு புதிய முறை நடத்திப் பார்க்கப்பட்டது. பிரபு தாமே வகுப்பில் நின்று பாடம் நடத்தினார். அப்போது இங்கிலாந்தில் பரவிவந்த தொடர்புவழிக் கற்பித்தல், விருந்தில் எப்படிப் பேசுவது, கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று சூழலுக்கேற்ற பேச்சை மையமாகக் கொண்டது. தென்னிந்தியப் பிள்ளைக்கு அத்தகைய விருந்தும் கடையும் ஆங்கிலத்தில் இல்லை என்பதால் பிரபு அதை அப்படியே ஏற்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி வேறு: இலக்கணம் மாணவனின் மனத்தில் உருவாவது, அவன் கவனம் இலக்கணத்தின் மேல் இருக்கும்போதா, பொருளின் மேல் இருக்கும்போதா?

பொருளின் மேல் இருக்கும்போதுதான் என்பதே அவரது துணிபு. எனவே பாடத்திட்டத்தில் இலக்கண வரிசையும் இல்லை, சொற்பட்டியலும் இல்லை. 'பணி'களின் வரிசை மட்டும் இருந்தது. பணி என்பது, கொடுத்த தகவலிலிருந்து சிந்தித்து ஒரு விடையை அடைய வேண்டிய செயல். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊரில் இத்தனை மணிக்கு இருக்க வேண்டியவர் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பது. ஊர் வரைபடத்தில் ஓர் இடத்துக்குச் செல்லும் வழியைக் கண்டுபிடிப்பது. வயது உறவுகளிலிருந்து யார் மூத்தவர் என்று முடிவு செய்வது. மாத வரவுசெலவைக் கணக்கிடுவது என அவை அமைந்தன. ஒருவரிடமுள்ள தகவலை மற்றவர் கேட்டறிவது, தம் கருத்தைச் சொல்வது, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகித்து அறிவது எனப் பணிகளை மூவகையாகப் பிரித்த பிரபு, மூன்றாம் வகைக்கே முதலிடம் தந்தார். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் கேள்விகள் கேட்டபடி ஒரு பணியைச் சேர்ந்து முடிப்பார். பின்னர் அதே வகையான மற்றொன்றை மாணவர்கள் தாமாகச் செய்வார்கள். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேராவது பணியில் பாதியையேனும் முடித்தால் அது தகுந்த கடினமுள்ள பணி, இல்லையெனில் மாற்றப்பட வேண்டியது. விடை ஓர் எண்ணாகவோ ஒற்றைச் சொல்லாகவோ இருந்தாலும் ஏற்கப்பட்டது. பிழையான வாக்கியத்தில் சரியான விடை வந்தால் ஆசிரியர் அதை ஏற்று, பேச்சின் போக்கிலேயே சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே சென்றார், நிறுத்தி இலக்கணம் விளக்கவில்லை. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துத் தமக்குள் பேசவிடுவதையும் அவர் தவிர்த்தார். அரைகுறை ஆங்கிலம் அரைகுறை ஆங்கிலத்தோடு மட்டுமே பழகினால் அது அங்கேயே உறைந்துவிடும் என்று அவர் அஞ்சினார். பட்லர் இங்கிலீஷ் நின்ற இடத்தை அறிந்தவர்களுக்கு இந்த அச்சம் பொருளற்றதாகத் தோன்றாது. மேலைநாட்டு விமரிசகர்கள் பலர் இதையே குறையாகக் கண்டனர்: ஆசிரியர் முன்நிற்க மாணவர் அமர்ந்திருக்கும் பழைய வகுப்பறைதானே இது என்று அவர்கள் கேட்டார்கள். வரிசை பெஞ்சுகளில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு கரும்பலகையோடு நடத்தக்கூடிய முறையைத் தேடியதே இந்தப் பரிசோதனையின் பலம் என்பதை அவர்கள் போதிய அளவு மதிக்கவில்லை.

பரிசோதனை முடியும் தறுவாயில் எடின்பரோவைச் சேர்ந்த பெரெட்டாவும் டேவிஸும் அதை மதிப்பிட்டு, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் பயின்ற வகுப்புகளும் புதிய முறையில் பயின்ற வகுப்புகளும் பலவகைச் சோதனைகளால் ஒப்பிடப்பட்டன. வாக்கிய அமைப்பைத் தனியே சோதித்த தேர்வில் பழைய முறை மாணவர்கள் மேலாக நின்றனர். பணிகளை ஒட்டிய தேர்வில் புதிய முறை மாணவர்கள் மேலாக நின்றனர். இரு முறைகளுக்கும் பொதுவான தேர்வுகளில் பெரும்பாலும் புதிய முறைக்கே சாதகமான முடிவு கிடைத்தது. இரு தரப்பு வகுப்புகளும் முற்றிலும் சமமானவை அல்ல என்று மதிப்பீட்டாளர்களே எச்சரித்ததால், முடிவை அளவோடுதான் கொள்ள வேண்டும். 1987இல் பிரபுவின் நூல் வெளிவந்தபின், 'பணிவழிக் கற்பித்தல்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இந்தப் பரிசோதனை இடம்பெற்றது. பெங்களூர், சென்னைப் பெயர்கள் பிறநாட்டு ஆசிரியப் பயிற்சி நூல்களில் நிலைத்தன. பரிசோதனை நடந்த மாநிலங்களின் பொதுத் தேர்வு வினாத்தாளில் அது எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை. வாக்கிய அமைப்பைத் தனியே சோதிக்கும் வினாக்களே அங்கே தொடர்ந்ததால், மதிப்பீட்டின் முதல் முடிவையே ஒரு தலைமையாசிரியர் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால் அவரைக் குறை கூறுவது கடினம்.

மாற்றம் வந்தபோது அது வேலை தருவோரிடமிருந்து வந்தது, 1844இல் வந்ததைப் போலவே. 1990களின் இறுதியிலிருந்து மென்பொருள் நிறுவனங்களும் கால் சென்டர்களும் தமிழகக் கல்லூரிகளுக்கே வந்து ஆளெடுக்கத் தொடங்கி, எழுத்துத் தேர்வோடு குழு விவாதத்தையும் நேர்காணலையும் வைத்ததும், தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் பெருகின. அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களுக்குத் தகவல் தொடர்புத் திறன் ஆய்வகம் என்றொரு பாடத்தையே வைத்தது. பேச்சு கேட்கப்பட்டதும் பேச்சைக் கற்பிக்க ஆசிரியர்களும் வகுப்புகளும் கருவிகளும் கிடைத்துவிட்டன. ஆனால் அந்தப் பாடத்துக்கும் செய்முறைத் தேர்வும் மதிப்பெண்ணும் உண்டு. நேர்காணலில் முதலில் கேட்கப்படும் சுய அறிமுகத்துக்கு, ஊரையும் தந்தையார் தொழிலையும் மட்டும் மாற்றிக்கொள்ளத்தக்க மாதிரி விடைகள் அச்சாகி விற்பனைக்கு வந்திருக்கின்றன.